பொத்திப்போட்ட ஓட்டை

வலை மேலே வந்து வெகு நேரமாகிவிட்டது. கடற்படைத் துரையின் லாஞ்சிப் படகுதான் இன்னும் வரவில்லை. மிதவையின் நடுப்பலகையில் சம்மணமிட்டு, ஈர வலையை மடிமேல் அள்ளிப் போட்டுக்கொண்டு, நீக்கிலாப்பிள்ளை குடாவின் வாயைப் பார்த்தபடி இருந்தார். தூரத்தில் லாஞ்சி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. சோதனைக்கு விட்ட நீரடிக் குண்டு, ஓடி முடிந்ததும் மேலே மிதக்க வேண்டிய டோர்ப்பிடோ, மிதக்கவில்லை போலும், தேடுகிறார்கள். தேடட்டும். கச்சான் காற்று முதுகில் பட்டது, வெயில் தோளில் பட்டது, இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு உடம்புக்கு இதமாக இருந்தது. மைத்துனன் வஸ்தியான் பாய்ச்சீலையின் நிழலில் வாயைத் திறந்தபடி தூங்கினான். எதிர்க்கரையில் கட்டிக் கிடந்த நீர்மூழ்கியின் பின்பக்கத்தில் மெல்லிய புகை எழுந்தது. பொழுதுசாய அது சண்டைக்கு வெளிக்கிடுகிறது. அதற்கு முன் துரை வந்து, இந்த வலையில் விழுந்த ஓட்டை மேற்கயிற்றிலிருந்து எத்தனை பாகம் ஆழத்தில் என்று அளக்க வேண்டும். இரண்டு பாகத்தில் போ என்று சொல்லி விட்ட டோர்ப்பிடோ இரண்டு பாகத்தில் போயிருந்தால் நீர்மூழ்கி போகலாம். அதைவிடத் தாழப் போயிருந்தால் போகக் கூடாது, ஏனென்றால் அதன் வயிற்றுக்குள் ஏற்றியிருப்பவையும் இதே சாதிதான், இதே கோளாறுதான் இருக்கும். போன முறை போய் வந்ததைத் துரையின் கிளாக்கர் நல்லைநாதன் கதை கதையாகச் சொன்னார். எதிரியின் கப்பல் நேரே நின்றதாம், நாலு விட்டார்களாம், நாலும் அடியால் போய்விட்டதாம், கப்பல்காரன் நுரைக்கோட்டைப் பார்த்து ஆள் எங்கே என்று பிடித்துக்கொண்டானாம். பிறகு ஒரு பகலும் ஓர் இரவும் மேலேயிருந்து வெடி விழுந்ததாம். திரும்பி வந்தபோது இரண்டு பேர் குறைவு. மடியில் கிடந்த வலையில் அந்த ஓட்டை, ஓர் ஆள் நுழையலாம் போல, வட்டமாக, ஓரங்களில் அறுந்த நூல் நுனிகள் சுருண்டிருக்க, கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

இந்த மிதவையில் இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி றோசம்மாவிடம்கூட. சண்டை நடக்கிற காலத்தில், கரைவலைப் பாடு இறக்கவொட்டாமல் கரையை மறித்து முள்ளுக்கம்பி போட்ட காலத்தில், எனக்கு இங்கே நல்லாய் இருக்கிறது என்று சொன்னால் சனம் என்ன நினைக்கும். ஆனால் நல்லாய்த்தான் இருந்தது. பேச வேண்டியதில்லை. கரைவலைக்கு முதலாளியாய், சம்மாட்டியாய் இருந்த காலமெல்லாம் பேச்சுத்தான், ஆளைக் கூப்பிடு, ஆளை ஏசு, மீன்காரியோடு வாதாடு. அவருக்கு ஏச வராது. ஏச வேண்டிய இடத்தில் தொண்டையைச் செருமுவார். ஆட்கள் அந்தச் செருமலுக்குப் பழகி, அதையே ஏச்சாக எடுத்துக்கொண்டார்கள். கல்யாணத்தன்று மாதா கோயிலில் சுவாமியார் சம்மதமா என்று கேட்டபோதும் செருமல்தான் வந்தது. சுவாமியார் மூன்றாம் முறையும் கேட்டார். பெண் பக்கத்தில் யாரோ, மாப்பிள்ளைக்குச் சளி போல, என்றார்கள். இங்கே செருமவும் வேண்டாம். காலையில் வலையை இறக்கிவிட்டு, ஈயம் நேராய்த் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, விலகி இருந்தால் போதும். வெகு தூரத்தில் ஒரு தும்மல் போலச் சத்தம் கேட்கும், நீருக்குள் ஒரு வெள்ளைக் கீறு ஓடி வரும், வலையின் மிதப்புகள் ஒருதரம் துள்ளும். அவ்வளவுதான். அந்தத் துள்ளலில் ஒரு சுகம் இருந்தது, பெரிய கட்டா மீன் பட்டது போல. பட்டது நிற்காது. தன் பாட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு போய்விடும். பிறகு வலையை ஏற்றுவது, துரை அளப்பது, அளந்ததும் இவர் நூலால் பின்னி ஓட்டையைப் பொத்துவது. அடுத்த ஓட்டத்துக்குள் வலை முழு வலையாக இருக்க வேண்டும். ஊசி எங்கே. அது இருந்த இடத்தில்தான் இருந்தது, இடுப்பு மடிப்பில், எலும்புப் பிடி வழுவழுவென்று. நூலும் இருந்தது. நூலை அவர் வெள்ளையாய்க் கையால் தொடுவதில்லை. வலைக்குப் போட்ட அதே பனிச்சங்காய்ச் சாயத்தில், அதே பானையில், வலை எவ்வளவு நேரம் கொதித்ததோ அவ்வளவு நேரம் கொதிக்க வைத்து, நிழலில் காய வைத்து எடுத்த நூல். பொத்தின இடம் தெரியக் கூடாது. தெரிந்தால் அது பொத்தினது இல்லை, ஒட்டு. அப்பு சொல்வார், வலையில் உன் கை தெரிந்தால் மீனுக்கும் தெரியும் என்று. உண்மையோ என்னவோ. மீனிடம் யார் கேட்டது.

காது. அந்த டோர்ப்பிடோவுக்குக் காது ஒன்று உண்டு என்று நல்லைநாதன் சொல்லியிருந்தார். காது என்று சொல்லவில்லை, ஒரு மூடி, தண்ணீரின் பாரத்தை உணர்கிற மூடி, பாரம் கூடினால் மேலே போ, குறைந்தால் கீழே போ என்று வாலுக்குச் சொல்லும். நீக்கிலாப்பிள்ளை அதைக் காது என்றே எடுத்துக்கொண்டார். இளம் வயதில் கல்லில் மாட்டின வலையை எடுக்கச் சுழியோடினால் முதல் பாகத்தில் ஒன்றுமில்லை, இரண்டில் காதுக்குள் விரல் வைத்த மாதிரி, மூன்றில் ஊசி, நாலில் தலைக்குள் மாதா கோயில் மணி. ஆழம் பார்க்கக் கயிறு வேண்டியதில்லை. ஒருமுறை சளி பிடித்த நாளில் சுழியோடினார். மணி அடிக்கவில்லை. இன்னும் மேலேதான் இருக்கிறேன் என்று நினைத்துப் போய்க்கொண்டே இருந்தார், பச்சை நீலமாகி நீலம் கறுத்தது, அப்போதுதான் பயந்து மணலை உதைத்துத் திரும்பினார். மூக்கால் இரத்தம். அந்த டோர்ப்பிடோக் குழலுக்கும் அப்படித்தான், பாவம், சளி. தான் மேலேதான் இருப்பதாக நினைத்துக்கொண்டு கீழே போகிறது. முதல் கிழமை முழுக்க விட்டதெல்லாம் தாழப் போயிற்று. துரை எதையோ திருகினார், அடுத்தது கொஞ்சம் ஏறியது. இன்னும் திருகினார், வெள்ளிக்கிழமை சரியாய் வந்தது, எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்த ஓட்டமெல்லாம் முகத்தில் மருந்து இல்லாமல், இலேசான முகத்தோடு. உண்மை வெடிமருந்தின் பாரம் எவ்வளவோ அவ்வளவு பாரத்தை முகத்தில் நிரப்பி விட்டால் என்ன நடக்கும் என்று துரைக்கே இராத்தூக்கம் இல்லையாம். அதுதான் இன்றைக்கு. நல்ல பிள்ளை அந்தத் துரை. சிவந்த தாடி, உரிந்த மூக்கு. மிதவைக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வலைமேல் கால் வைப்பார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குண்டு போட வந்த விமானங்கள் போன பிறகு, எரிந்த எண்ணெய்த் தாங்கியின் புகை நாட்கணக்கில் நின்றபோது, நீக்கிலாப்பிள்ளை நினைத்தார், இந்தப் பெரிய மனிதர்களின் சண்டையில் எனக்கு என்ன என்று. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் நீருக்குள் மூச்சை அடக்கி இருக்கிற ஆள் எந்த ஊரான் ஆனாலும், அவனுக்குக் காது ஒன்றுதானே, அவன் தலைக்குள்ளும் மணி அடிக்கும்தானே. வலைக் கண்ணுக்குக் கண், முடிச்சுக்கு முடிச்சு. ஊசி போய் வந்தது. றோசம்மா காலையில் கட்டித் தந்த பிட்டும் மாசிச் சம்பலும் இன்னும் தூக்குச்சட்டிக்குள் இருந்தன, லாஞ்சி போன பிறகு சாப்பிடலாம், அளந்த பிறகு, பொத்தின பிறகு. வஸ்தியானின் குறட்டை ஒரு சுருதியில் ஏறி, உடைந்து, திரும்பத் தொடங்கியது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். துவர்த்தது. வலையை வழக்கம்போல் உதறி, பக்கத்தில் தள்ளி, அடுத்த பகுதியை மடிக்கு இழுத்து, வேறெங்கும் கிழிந்திருக்கிறதா என்று விரல்களை ஓடவிட்டார். இல்லை. இன்னும் இழுத்தார். இல்லை. இனி அந்தப் பெரிய ஓட்டைதான், துரை வந்து அளக்க வேண்டிய அந்த—

கை நின்றது. முதலில் கைதான் அறிந்தது. நெஞ்சு பிறகுதான். பக்கத்தில் குவிந்து கிடந்த வலையைப் பார்த்தார், எங்கும் ஓட்டை இல்லை, எல்லாம் ஒழுங்கான கண்கள், கடல்போல ஒரே மாதிரி. ஊசியைப் பார்த்தார். காலையில் நிறைய நூலோடு இருந்த ஊசி மெலிந்து கிடந்தது. பொத்திவிட்டேன். அளக்கு முன் பொத்திவிட்டேன். மாதாவே, பொத்திவிட்டேன். எந்த இடத்தில். நினைத்துப் பார்த்தார். மேற்கயிறு வலத் தொடையில் கிடந்ததா, இடத் தொடையிலா. கிழிசலைக் கண்டால் பொத்த முன் கண்களை எண்ணுவது அவர் வழக்கம், இன்றும் எண்ணியிருப்பார், எண் எங்கே. ஓர் எண் வந்து நின்றது. முப்பது. முப்பதா. முப்பது வெள்ளிக்கிழமை எண். இன்னோர் எண் வந்தது, அது யாருடைய எண் என்று தெரியவில்லை, ஒருவேளை றோசம்மாவின் வயது. வெயில் குவியலின் மேல் நின்றது. வலை ஈரமாய் வந்தது, கறுப்பாய். நூல் காய்ந்த நூல், வெளிறியது. ஈரத்துக்குள் காய்ந்தது தெரியும், கட்டாயம் தெரியும், ஆனால் வெயிலில் மேல்பக்கம் எல்லாமே காய்ந்து வெளிறிக்கொண்டு வருகிறது, இன்னும் கொஞ்ச நேரம், பிறகு என் கையை நானே கண்டுபிடிக்க முடியாது. அவர் குவியலைக் கவிழ்த்தார், நிழலுக்கு இழுத்தார், முழங்காலில் நின்றார். எவ்வளவு நல்லாய்ப் பொத்தியிருக்கிறேன் என்று ஒரு நினைவு குறுக்கே ஓடியது. வெட்கமாக இருந்தது.

“என்ன அத்தான், லாஞ்சி வந்திட்டுதோ?” வஸ்தியான் ஒரு கண்ணைத் திறந்தான்.

“பொத்திப்போட்டன்.”

“என்னத்தை?”

“ஓட்டையை.”

வஸ்தியான் எழுந்து உட்கார்ந்தான். வலையைப் பார்த்தான், ஊசியைப் பார்த்தான், அத்தானின் முகத்தைப் பார்த்தான், பிறகு மிதவை ஆடுமட்டும் சிரித்தான். “நான் அக்காவிட்டைச் சொல்லுறனான், இந்த மனிசன் செத்துப் பெட்டியிலை வைச்சாலும் சீலையிலை கிழிசல் இருக்கோ எண்டு பாக்கும் எண்டு. சரி, இப்ப ஏன் முழிக்கிறியள்? கத்தியைத் தாங்கோ. ரெண்டு பாகத்திலை வட்டமா ஒண்டு வெட்டிவிடுறன். துரைக்கும் சந்தோசம், கப்பல்காரனுக்கும் சந்தோசம், எங்களுக்கும் நாளைக்கு லீவு.”

“வேண்டாம்.”

“அவங்களுக்கு ஓட்டைதானே வேணும். ஓட்டையிலை என்ன பேரா எழுதிக் கிடக்கு?”

நீக்கிலாப்பிள்ளை வலையை இன்னும் நிழலுக்குள் இழுத்தார். விரல்கள் போய்க்கொண்டிருந்தன. வஸ்தியான் மனம் இரங்கி, வலை காயுதெண்டுதானே பயம், இந்தா, என்று வாளியைக் கடலில் முக்கி ஏந்தி வந்தான். ஊற்றினால் ஈரத்துக்கும் காய்ந்ததுக்கும் இருக்கிற ஒரே வித்தியாசமும் போய்விடும். “ஊத்தாதை,” என்று நீக்கிலாப்பிள்ளை கத்தினார். தன் குரல் தனக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. வஸ்தியான் வாளியோடு நின்றுவிட்டான், நாற்பது வருசத்தில் அத்தான் கத்திக் கேட்டதில்லை. விரல்கள் நின்ற இடம் கீழே, ஈயத்துக்குக் கிட்ட, இவ்வளவு கீழேயா. ஒரு வட்டம், வெளிறல், முடிச்சுகள் கொஞ்சம் விறைப்பு. இதுவா. முதல் கிழமைத் தாழ்ந்த ஓட்டங்களும் இந்த மட்டத்தில்தான் கிழித்தன. இது முன்னம் பொத்தின பழைய இடம் ஒன்று, வெயிலில் காய்ந்தது, என்று இருந்துவிட்டால். அப்படி இருந்தால் நல்லது. அப்படி இருக்கட்டும் என்று மனம் கெஞ்சியது, இரண்டு பாகத்திலேயே இன்னொன்று கிடைக்கட்டும், எல்லாரும் வெள்ளிக்கிழமை போலச் சிரிக்கட்டும். மேலே இரண்டு பாகத்தில் தேடினார். ஈரம், ஈரம், எல்லாம் ஈரம். திரும்பக் கீழே வந்தார். முடிச்சொன்றை வாயில் வைத்தார். துவர்ப்பு. நல்ல பனிச்சங்காய்த் துவர்ப்பு, நாக்கு சுருங்கியது. ஒரு சாண் தள்ளி இன்னொரு முடிச்சைக் கடித்தார். உப்பு, வெறும் உப்பு. பழசென்றால் துவர்ப்பைக் கடல் கழுவியிருக்கும், கடல் காணாத நூல் இதுதான்.

“வலையையும் திண்டு முடியுங்கோ,” என்றான் வஸ்தியான். “பிட்டு எனக்குக் கிடக்கட்டும்.”

தலைத்துண்டைக் கிழித்து வட்டத்தின் மேலும் கீழும் கட்டினார். கட்டி முடிந்ததும் உடம்பு இலேசானது. கிடைத்துவிட்டது. காற்று திரும்பவும் முதுகில் இருந்தது, அது போகவேயில்லை போலும். இனிப் பேச வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் தொண்டைக்குள் பழைய செருமல் வந்து குந்திக்கொண்டது.

லாஞ்சி வெறுங்கையோடு வந்தது. டோர்ப்பிடோ சேற்றில் போய்ப் புதைந்துவிட்டதாம், ஆழத்தைத் தானே எழுதி வைக்கிற கருவி ஒன்று அதற்குள் இருந்ததாம், அதுவும் போயிற்று. துரை சப்பாத்தைக் கழற்றிவிட்டு வலைமேல் ஏறினார். ஓட்டையைத் தேடினார். பின்னால் வந்த நல்லைநாதன், “நீக்கிலாண்ணை, துரை கேக்கிறார், எங்கை கிழிச்சது எண்டு,” என்றார். நீக்கிலாப்பிள்ளை செருமினார். நல்லைநாதன் காத்திருந்தார். “அது... பொத்துப்பட்டுப் போச்சு,” என்றார் நீக்கிலாப்பிள்ளை, பலகையைப் பார்த்தபடி. நல்லைநாதன் ஒரு கணம் அதை இங்கிலீசில் சொல்ல வழி தேடினார். சொன்னார். துரை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு மூக்கைத் தடவிக்கொண்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு, துண்டு கட்டிய இடத்துக்கு வந்து குந்தி, நாடாவைப் பிடித்தார். மேற்கயிற்றிலிருந்து வட்டத்தின் நடு வரை. நாடா போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பாகம் தாண்டி, மூன்று தாண்டி, நாலுக்குக் கிட்ட நின்றது. துரை எழும்பி நீர்மூழ்கியின் புகையைப் பார்த்தார். வெளிக்கிடுகிற கப்பலை நிறுத்துவது விளையாட்டு இல்லை, அதற்கு மேலே ஆட்கள், அவர்களுக்கு மேலே ஆட்கள். அவர் கேட்டதை நல்லைநாதன் மெதுவாய்ச் சொன்னார்: “கோவிக்கிறேல்லை அண்ணை. முதல் கிழமையும் இந்த ஆழத்திலைதான் கிழிச்சது. இது அந்தப் பழசாய் இருக்கலாம்தானே எண்டு கேக்கிறார். இது இண்டையான் ஓட்டைதான் எண்டு நிச்சயமோ?”

இருக்கும். நாக்கில் அந்தச் சொல்தான் முதலில் வந்து நின்றது, வாழ்க்கை முழுக்க எதைக் கேட்டாலும் அவர் சொன்ன சொல், மழை வருமோ, இருக்கும், மீன் படுமோ, இருக்கும், யார் தலையிலும் பாரம் வைக்காத சொல். இருக்கும் என்றால் துரைக்கும் வசதி, வெள்ளிக்கிழமையை நினைத்து நீர்மூழ்கியைப் போகவிடலாம். நிச்சயம் என்றால் அது தன் பாரம். தான் பிழையென்றால். பிழை இல்லை. நாக்கில் துவர்ப்பு இன்னும் போகவில்லை. அவர் குனிந்து வட்டத்துக்குள் ஒரு முடிச்சைத் தூக்கித் துரையிடம் நீட்டி, தன் வாயைத் தொட்டுக் காட்டினார். வஸ்தியான், “ஐயோ அத்தான்,” என்று முனகினான். துரை நல்லைநாதனைப் பார்த்தார், நல்லைநாதன் வானத்தைப் பார்த்தார். துரை மண்டியிட்டு முடிச்சை வாயில் வைத்தார். முகம் கோணியது. பிறகு அவராகவே எட்டி, வட்டத்துக்கு வெளியே ஒரு முடிச்சை வைத்துப் பார்த்தார், துப்பினார். திரும்பவும் முதலாவது. சிவந்த தாடியில் நூல்பிசிர் ஒன்று ஒட்டிக்கொண்டது. எழும்பாமலே நீக்கிலாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். வாயால் சொல்லக் கேட்க வேண்டும் போல.

“ஓம்,” என்றார் நீக்கிலாப்பிள்ளை. “இது இண்டையான்தான். நிச்சயம்.”

நல்லைநாதன் அதை மொழிபெயர்க்கவில்லை. துரையும் கேட்கவில்லை. சப்பாத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு லாஞ்சியில் தாவினார். லாஞ்சி நீர்மூழ்கியை நோக்கி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓட, அதன் அலை வந்து மிதவையைத் தாலாட்டியது. நீக்கிலாப்பிள்ளை உட்கார்ந்தார். வஸ்தியான் தூக்குச்சட்டியைத் திறந்து பிட்டைப் பங்கிட்டான், பெரிய பங்கு அத்தானுக்கு. சம்பலின் உறைப்பு துவர்ப்பின் மேல் ஏறியது. பிழை என்னுடையது, பொத்தியிருக்கக் கூடாது, என்று நினைத்தார். இனிமேல் ஊசியை வீட்டிலேயே விட்டு வர வேண்டும் என்றும் நினைத்தார், விடமாட்டேன் என்றும் தெரிந்தது. வெயில் மஞ்சளாகியபோது எதிர்க்கரையில் நீர்மூழ்கியின் புகை அடங்கியது. பாரந்தூக்கியின் கை வளைந்து இறங்கி, ஏற்றிய டோர்ப்பிடோக்களை ஒவ்வொன்றாய் வெளியே தூக்கத் தொடங்கியது. அவ்வளவு வேலையும் வீண். நீர்மூழ்கியின் ஆட்கள் வியர்வையோடு சங்கிலியை இழுத்தபடி, யார் இதற்குக் காரணம் என்று தெரியாமல், உரத்த குரலில் ஏசிக்கொண்டிருந்தார்கள்.

“என்னவாம்?” என்றான் வஸ்தியான், வாய் நிறையப் பிட்டோடு. “இங்கிலீசிலையும் எங்கடை மாதிரித்தான் தூசணம் போல.”

நீக்கிலாப்பிள்ளை கையில் எடுத்த பிட்டை வாயில் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு குரல், இன்னொரு குரல், அதற்கு மேல் கரகரத்த ஒரு குரல். தண்ணீர்மேல் எல்லாம் தெளிவாக வந்தது. ஏசட்டும், நல்லாய் ஏசட்டும் என்று இருந்தது அவருக்கு. அத்தனை பேரும் நீருக்கு மேலே, காற்றில் நின்று ஏசினார்கள்.